ஜப்பான் புத்தகத்தில் சிஞ்ஞோர் சல்வோ கண்ட குறைகள்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனுசி றெஜினா சொல்லுவாள். அவள் தொடங்கினால் அரைமணித்தியாலம் ஆகும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கடைக்கு நான்கு பெட்டி ஜப்பானியச் சித்திரக்கதைகள், மங்கா என்பார்களே, அவை வந்திறங்கின. ஒன்றைப் பிரித்தேன். முதல் பக்கத்தில் கதாநாயகன் செத்துக் கிடந்தான். கடைசிப் பக்கத்தில் தலைப்பு இருந்தது. இன்னொன்றைப் பிரித்தேன், அதிலும் கலியாணம் முடிந்த பிறகுதான் காதல் தொடங்கியது. முதல் பக்கத்தின் அடியில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை வேறு: "நில்! நீ பிழையான முனையில் நிற்கிறாய்!" அதை வாசித்ததும் எனக்குச் சந்தேகம் முற்றாகத் தீர்ந்தது. அச்சகமே தன் பிழையை ஒப்புக்கொண்டிருக்கிறது.

நான்கு பெட்டியையும் திரும்பக் கட்டி, பைண்டிங் பிழை என்று சீட்டு ஒட்டி, விநியோகஸ்தருக்கே அனுப்பிவிட்டேன்.

அதுவரை வந்த மங்காக்களை இத்தாலியப் பதிப்பாளர்கள் கண்ணாடியில் காட்டியதுபோல் திருப்பி அச்சிட்டிருந்தார்கள். அமெரிக்கக் கொமிக்ஸ் வாசித்துப் பழகியவர்கள் இடமிருந்து வலமாக வாசிக்கட்டும் என்பதற்காக. அதன் பலனாக அந்தக் கதைகளில் ஜப்பானியர் எல்லாரும் இடதுகைக்காரராக இருந்தார்கள். கிமோனோவைப் பிரேதத்துக்குக் கட்டுகிற பக்கமாகக் கட்டிக்கொண்டு உயிருள்ளவர்கள் நடமாடினார்கள். அந்த முறைதான் முதன்முதலாக, ஜப்பானில் இருப்பதுபோலவே வலமிருந்து இடமாக வாசிக்கும் புத்தகங்கள் எங்களுக்கு வந்திருந்தன. இது கடைக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடையில் சம்பளம் வாங்குகிற எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதச் சொன்னது எங்கள் பங்கு மலர்க் குழுப் பிள்ளைகள். "அங்கிள், எல்லாரும் சிஞ்ஞோரா வீட்டிலை துடைச்ச கதையும் சமைச்ச கதையும்தான் தந்திருக்கினம். நீங்கள் எண்டாலும் வித்தியாசமாய் ஒண்டு எழுதுங்கோ" என்றார்கள். உண்மைதான், நம்மவர்களில் பலருக்கு இத்தாலிய வீட்டுக்கார அம்மாமாரிடம்தான் வேலை. பலெர்மோவில் இருக்கிற நம்மவர்களில் இருபத்தேழு வருடம் பொம்மைப் புத்தகத்தோடு குப்பை கொட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும். அது சாதனையா சாபமா என்று மலர்க் குழு தீர்மானிக்கட்டும்.

கடை வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. ரயில் பெட்டிபோல ஒடுக்கமானது. சித்திரக்கதையை இத்தாலியர்கள் "சின்னப் புகை" என்பார்கள். பாத்திரங்களின் வாயிலிருந்து கிளம்பும் பேச்சுக் குமிழி புகைபோல இருப்பதால் வந்த பெயர். நான் இலங்கையில் ஊர்காவற்றுறையில் இருக்கிற வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, புகைக்கடையில் வேலை என்று சொன்னேன். வீட்டில் சுருட்டுக்கடை என்று விளங்கிக்கொண்டு, ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டார்கள். சுருட்டு விற்றே முன்னுக்கு வந்த தீவுப்பகுதியாருக்குச் சுருட்டுக்கடை என்றால் சும்மாவா? நானும் திருத்தப் போகவில்லை.

நிலம் துடைக்கத்தான் போனேன். காலையில் இரண்டு மணித்தியாலம். துடைப்பவன் அடுக்குபவனாகி, அடுக்குபவன் விற்பவனானதற்குக் காரணம் என் திறமை அல்ல. முதலாளி சிஞ்ஞோர் சல்வோவோடு ஒரு மாதத்துக்கு மேல் ஒருவரும் நின்றுபிடிக்கவில்லை. என் பெயர் பிரான்சிஸ். முதல் நாளே அதைச் "சிச்சோ" ஆக்கினார். சிசிலியில் பிரான்சிஸ்மாரெல்லாம் சிச்சோதான். அவர் பேசியது இத்தாலியன். என் காதில் விழும்போது அது நம்முடைய தமிழாகித்தான் விழும். அப்படியே எழுதுகிறேன்.

சல்வோ மெலிந்த, நெட்டையான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, மூக்குக்கு அல்ல, விரல்களுக்கு. கொமிக்ஸ் புத்தகத்தை அவர் எடுப்பதைப் பார்த்தால் குருவானவர் நற்கருணையை எடுப்பது நினைவுக்கு வரும். இரண்டு உள்ளங்கைகளாலும் ஓரத்தைத் தாங்குவார். பெருவிரல் அட்டையில் படக்கூடாது. படுகிறவனைக் கடையை விட்டே அனுப்புவார், அவன் வழக்கறிஞராக இருந்தாலும்.

புதன்கிழமை பெட்டி வரும். அதைத் திறப்பதற்கு ஒரு மொட்டைக் கத்தி. கூரான கத்தி பெட்டிக்குள் இருக்கும் முதல் புத்தகத்தின் முகத்தைக் கிழிக்கும் என்பதால், வேண்டுமென்றே கல்லில் தேய்த்து மழுக்கி வைத்திருந்தார். திறந்ததும் கை கழுவவேண்டும். கழுவினால் போதாது, ஈரம் போகும்வரை கைகளைத் தூக்கிக்கொண்டு, சத்திரசிகிச்சைக்குப் போகும் டாக்டர்போல நிற்கவேண்டும். பிறகு ஒவ்வொரு அமெரிக்கப் புத்தகத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, முதுகுக்கு ஒரு வெள்ளை அட்டை. உறையின் வாயை மடித்து டேப் ஒட்டும்போது, அது உறையின் மேல்தான் ஒட்டவேண்டும். ஒரு மயிரிழை வெளியே நீண்டாலும் புத்தகத்தை வெளியே எடுக்கும்போது அட்டையில் பிடித்துக்கொள்ளும். டேப் பட்ட புத்தகத்தைச் சல்வோ விற்கமாட்டார், வைத்திருக்கவும் மாட்டார், எறியவும் மனம் வராது. அவற்றுக்கென்று கடையின் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் "ஆஸ்பத்திரி".

"டேப் ஒட்டின புத்தகம், முகத்திலை வெட்டுக்காயம் பட்ட மணப்பொம்பிளை மாதிரி, சிச்சோ" என்பார். அப்படி ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்கிற மாப்பிள்ளையை நான் மதிக்கமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அந்த நாளில் என்னிடம் அவ்வளவு இத்தாலியன் இல்லை.

என் இத்தாலியன் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அடுக்குகிற புத்தகங்களிலிருந்துதான். அமெரிக்க வீரர்கள் சும்மா பேசுவதில்லை, பிரகடனம் செய்வார்கள். நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குப் போனபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என்ன வேண்டும் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்குரியதைப் பெறாமல் இந்த இடத்தைவிட்டு அகலமாட்டேன்!" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "திருப்பிச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். மூன்றாவது ஆளும் வந்தார். அன்றைக்கு வரிசையில் நின்றவர்களில் முதலில் முத்திரை வாங்கி வெளியே வந்தது நான்தான்.

திருப்பி அனுப்பிய நான்கு பெட்டிகளோடும் இதே பாஷையில் ஒரு கடிதம் வைத்தேன். "இந்த அவமானம் தண்டிக்கப்படாமல் போகாது" என்பது கடைசி வரி. சல்வோ வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். மங்கா திரும்பிப் போகிறது என்றால் அவர் எதற்கும் கையெழுத்துப் போடுவார். இரண்டு நாள் கழித்து விநியோகஸ்தர் தொலைபேசி எடுத்தார். ஒரு நிமிடம் சிரிப்பு மட்டும் கேட்டது. சல்வோ வாடிக்கையாளர்களுக்கு முன்னால் என்னை வாய்க்கு வந்தபடி பேசினார். மத்தியானம் ஒருவரும் பார்க்காத நேரத்தில் சுடச்சுட ஓர் அரன்சீனா, இறைச்சி வைத்த சோற்று உருண்டை, வாங்கித் தந்தார். "நல்ல முயற்சி" என்றார்.

அவ்வளவு வெறுப்பு. அவருடைய நாற்காலி வாசலோரம் இருந்தது. அதில் இருந்து பார்த்தால் வலது சுவர் முழுவதும் அமெரிக்கா. இடது பக்கம் தெரு ஜன்னல், அதைத் தாண்டியுள்ள சுவரில் ஜப்பான். ஜப்பானைப் பார்க்கக்கூடாது என்பதற்காக நாற்காலியையே கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்.

"எல்லாம் அமெரிக்காக்காரனிட்டைக் களவெடுத்தது. யுத்தம் முடிய ஆமிக்காரன் கொமிக்ஸையும் கார்ட்டூனையும் கொண்டுபோனான். அதைப் பாத்துத்தான் உவங்கள் அவ்வளவு பெரிய கண் கீறப் பழகினவங்கள்" என்பார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. கடைக்கு வருகிற இளந்தாரிகள் விடமாட்டார்கள். இன்றைக்கு அமெரிக்காக்காரன் ஓட்டத்துக்குக் கீறுகிற கோடு, ஒரே ஒரு அடி விழுவதற்கு நாலு பக்கம் எடுத்துக்கொள்கிற பொறுமை எல்லாம் ஜப்பானிடம் இருந்து எடுத்ததுதானே என்பார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டு வீட்டாரும் ஒருவர் உரலை ஒருவர் இரவல் வாங்கி இடித்துக்கொண்டு, உரல் யாருடையது என்று வேலிச்சண்டை பிடித்தார்கள். நடுவில் நின்று இரண்டு பேருடைய மாவையும் விற்றவன் நான்.

விற்பவனுக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். மங்காவை ஓர் ஆள் தொடங்கி, கையாட்கள் சிலர் உதவ, அந்த ஆளே முடித்துவைப்பார். முதுகில் ஒன்று, இரண்டு என்று இலக்கம் இருக்கும். ஏழாம் பாகம் காணவில்லை என்று ஒரு பெண்பிள்ளை கண்ணீரோடு வருவாள். அமெரிக்க வீரனுக்கு முடிவே இல்லை. அவனைப் பெற்ற ஓவியர் செத்தாலும் கொம்பனி வேறோர் ஓவியரைக் கொண்டு கீறுவிக்கும். அவனும் சாவான், அடுத்த வருடம் எழும்பி வருவான். கொஞ்சக் காலத்துக்கு ஒருமுறை பிரபஞ்சம் அழிந்து, புத்தகம் மறுபடி முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கும். "ஏன் சிஞ்ஞோர் திரும்ப ஒண்டிலையிருந்து?" என்று கேட்டேன். "பழசெல்லாம் நடக்கவே இல்லை எண்டு வைச்சுக்கொள்" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் பெர்மெஸ்ஸோவும் அப்படித்தான் புதுப்பிக்கப்பட்டு வந்தது.

இனி அந்தக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் மாசி மாதம், ஒரு புதன்கிழமை. பெட்டி வந்து, கை கழுவி, இரண்டு பேரும் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்று முடித்திருந்தோம். சல்வோ கோப்பி குடித்துவிட்டுக் கோப்பையை மேசையில் வைத்தார். மேசை அங்கே இல்லை. மேசைக்கு இடது பக்கம், வெறும் காற்றில் வைத்தார். கோப்பை உடைந்த சத்தத்துக்கு அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

பாரிசவாதம். இரண்டு மாதத்தில் பேச்சு முழுதாக வந்தது. பொல்லுப் பிடித்து நடக்கவும் செய்தார். ஆனால் இடது பக்கம் போய்விட்டது. கண்ணில் பிழை இல்லை என்றார் டாக்டர். கண் பார்க்கிறது, மூளைதான் இடது பக்கத்தை விசாரிப்பதில்லையாம். இடது கையும் மடியில் சும்மா கிடக்கும். கால்சாப் பகுதியில் இருக்கிற அவர் வீட்டுக்கு நான் போகும்போது முகத்தின் வலது பாதி மழித்திருக்கும், இடது பாதியில் தாடி நிற்கும். சாப்பாட்டுக் கோப்பையில் வலது பாதிப் பாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானோ?" என்று மகளிடம் சண்டை பிடிப்பார். மகள் லோரெதானா கோப்பையைச் சுற்றி வைப்பாள். "இப்பதான் ஒழுங்காய்ப் போட்டிருக்கிறாய்" என்று மிச்சத்தைச் சாப்பிடுவார். தனக்கு ஒன்றும் இல்லை என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஒருநாள் அவரை வண்டியில் கடைக்குக் கூட்டிவந்தோம். நாற்காலியில் இருந்தார். ஓர் இளந்தாரி வந்து ஒரு மங்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டான். "ஜப்பான் புத்தகம் இஞ்சை வைக்கிறேல்லை" என்றார், உண்மையான திருப்தியோடு. இருபத்தைந்து வருடமாக அந்தச் சுவர் இல்லாமல் போகவேண்டும் என்று கேட்டவர். ஆண்டவர் கொடுத்துவிட்டார், கூடவே ஜன்னலையும் எடுத்துக்கொண்டு.

புதிதாக வந்த கொமிக்ஸை ஒவ்வொரு கிழமையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு முகத்தைச் சுழித்தார்.

"எழுதுறவங்கள் கெட்டுப்போனாங்கள், சிச்சோ. ஒருத்தரும் கேக்காத கேள்விக்கு மறுமொழி சொல்லுறாங்கள். அடி வாங்கிறவன் நிக்கிறான், அடிக்கிறவனைக் காணேல்லை."

பக்கத்தின் வலது பாதியை மட்டும் வாசித்திருக்கிறார். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லவேண்டும். அதே புத்தகத்தை முழுதாக வாசித்த எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

இன்னொரு நாள் நான் வீட்டுக்குள் போய் அவருடைய இடது பக்கம் நின்று, "வணக்கம் சிஞ்ஞோர்" என்றேன். அவர் வலது பக்கம் திரும்பி அலுமாரியைப் பார்த்தார். "வா சிச்சோ, ஏன் தூரத்திலை நிக்கிறாய்?" என்று அலுமாரியிடம் கேட்டார். நான் மூச்சுக் காட்டாமல் நின்றேன். அவர் அலுமாரியோடு கடை விஷயம் கொஞ்சம் கதைத்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்ததும், "இவ்வளவு நேரமும் எங்கையடா போனனி?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வராத சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு.

சித்திரையில் அவர் ஒருவருக்கும் சொல்லாமல் வெளிக்கிட்டுக் கடைக்கு நடந்தார். இடது பக்கமிருந்து வந்த ஸ்கூட்டர் சட்டைக்கையை உரசிக்கொண்டு போனது. விழுந்து முழங்கால் தேய்ந்தது. "வானத்திலையிருந்து வந்தது" என்றார்.

அன்று லோரெதானா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். வார்த்தையையும் மாத்திரைபோல எண்ணித்தான் தருவாள்.

"சிச்சோ, கடை வாடகை ஒப்பந்தம் செப்டெம்பரோடை முடியுது. அப்பா தனிய நடந்து போய்க் கடையிலை இருக்க ஏலும் எண்டா புதுப்பிப்பன். இல்லாட்டிக் கடையை விடுறன்."

"கடை போனால் அவர்..."

"தெரியும். கடை இல்லாட்டி அப்பாவும் கனநாள் இரார். ஆனா ஸ்கூட்டரிலை அடிபட்டுப் போறதைவிடக் கதிரையிலை இருந்து போறது நல்லம்."

எனக்கு அந்த இலையுதிர் காலத்தில் பென்சன். கடை பூட்டினாலும் எனக்கு நட்டம் இல்லை. எனக்குப் பிறகு கடையைப் பார்க்கவிருந்த கியாராவுக்கும் இருபத்துநாலு வயது, வேறு வேலை கிடைக்கும். நட்டப்படப்போகிறவர் ஒரே ஒருவர். அவரோ தனக்கு ஒன்றும் இல்லை என்கிறார்.

கிழமைக்கு இரண்டு தரம் ஒரு தெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தாள். பொறுமைசாலி. பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒன்றை ஒட்டவேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்புக் கோட்டைத் தேடிப் பிடித்த பிறகுதான் வாசிக்கத் தொடங்கவேண்டும். அப்படித்தான் கண் இடது பக்கம் போகப் பழகும் என்றாள். நல்ல முறை. அவர் விரும்பி வாசிக்கிற புத்தகத்திலேயே செய்வோம் என்று தன் பையிலிருந்து டேப்பை எடுத்தாள். மேசையில் இருந்த கொமிக்ஸைத் திறந்தாள். ஒட்டினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவருக்கு இடது பக்கம் தெரியாதுதான். ஆனால் டேப்பைக் கிழிக்கிற சத்தம் காதுக்குக் கேட்குமே. சல்வோ அந்தப் பெண்ணை மரியாதையாக, சிஞ்ஞோரா என்று விளித்து, வீட்டை விட்டுப் போகச் சொன்னார். பிறகு என்னிடம் புத்தகத்தை நீட்டி, "ஆஸ்பத்திரியிலை போடு" என்றார். டேப் ஒட்டி வாசிப்பதைவிட வாசிக்காமலே சாவது மேல் என்பதில் உறுதியாக இருந்தார். வெறும் தாளில் ஒட்டிக் கொடுத்தபோது, அது பிள்ளைகளின் விளையாட்டு என்று தள்ளிவிட்டார்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது ஏனோ அந்த நான்கு பெட்டி நினைவு வந்தது. ஒருவரும் இல்லாத நேரத்திலும் அதை நினைத்தால் எனக்குக் காது சுடும். அன்றும் சுட்டது. சுட்ட காதோடு யோசித்தேன். இந்த மனிதருக்கு இடது முனையைக் கண்டுபிடிக்கத் தெரியாது. வலது முனையிலிருந்து தொடங்குகிற புத்தகம் என்றால்? அவர் இருக்கிற பக்கத்தில் தொடங்கி, தானாக இடது பக்கம் போகிற புத்தகம். அதில் ஓடுகிறவர்கள் எல்லாரும் இடது பக்கம்தான் ஓடுவார்கள். துரத்துகிறவனும் அந்தப் பக்கம்தான். சுவர் நிறைய அப்படிப்பட்ட புத்தகம் எங்களிடம் இருந்தது.

றெஜினாவிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்தாள்.

"உங்களுக்கு விசரோ? அந்த மனுசன் ஜப்பான் புத்தகத்தைத் தொட்டாலே கை கழுவுற ஆள்."

"கழுவட்டும். சவுக்காரம் நான் வாங்கிக் குடுக்கிறன்."

"முந்தி நாலு பெட்டியைத் திருப்பி அனுப்பினியள். இப்ப அந்தாளின்ரை மூளையைத் திருப்பப் போறியளோ?"

"ஓம். அதுக்கும் ஒரு கடிதம் வைச்சுத்தான் அனுப்புவன்."

"நான் சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைக்கிறன். உங்களை நம்பேலாது" என்றாள். ரொசாலியா பலெர்மோவின் பாதுகாவலியான புனிதை.

கியாராவிடம் கேட்டேன்: பேச்சுக் குறைந்த, ஓட்டம் கூடிய கதை ஒன்று வேண்டும். அவள் பதினொரு பாகக் கதையொன்றை எடுத்துத் தந்தாள். பனிமலை ஊரில் தபால் கொண்டுபோகும் ஒரு பெண். அவள் பையில் இருக்கும் ஒரு கடிதத்துக்காக ஒருவன் துரத்துகிறான். பத்துப் பக்கத்துக்கு ஒரு சொல் வந்தால் அதிகம்.

கொடுத்தால் எறிவார். ஆகவே கெஞ்சினேன்.

"சிஞ்ஞோர், கடைக்கு ஒருத்தன் வந்து, இது உங்கடை அமெரிக்காவைவிடத் திறம் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறான். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை. நீங்கள் இதிலை உள்ள குறையளைச் சொல்லித் தந்தால் எழுதிக்கொண்டு போய் அவன்ரை வாயை அடைச்சிடுவன்."

சல்வோ என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். "எத்தினை குறை வேணும்?" என்றார்.

"கிடைக்கிற அளவு."

"கொப்பியிலை எழுது."

குறை ஒன்று: நிறம் இல்லை. குறை இரண்டு: ஒருவரும் பறக்கவில்லை. குறை மூன்று: பெண் கதவைத் திறக்கிறாள், பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது குறையில் நான் நிறுத்தினேன். "திறந்து எதையோ பாத்துப் பயப்பிடுறாள் போலை கிடக்குதே, சிஞ்ஞோர்?"

"பயப்பிடுறாள்தான். என்னத்துக்கு எண்டு கீறேல்லை. அது நாலாவது குறை, எழுது."

"அவள் பாக்கிற பக்கம் பாருங்கோ. அவளின்ரை மூக்கிலையிருந்து விரலை வைச்சுக்கொண்டு போங்கோ."

கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். ஜப்பான் புத்தகமானாலும் புத்தகம்தானே. விரல் நகர்ந்தது. நடுப்பக்கம் வரை வந்து நின்றது. அவருக்கு உலகம் அங்கே முடிந்தது. அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி பயந்துகொண்டே இருந்தாள். விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். நெற்றியில் வியர்வை வந்தது. பிறகு சிசிலியனில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. கோடரியோடு நின்றவனைக் கண்டுவிட்டார்.

"இவ்வளவு நேரமும் இவன் இஞ்சையே நிண்டவன்?"

"ஓம் சிஞ்ஞோர்."

"நாலாவது குறையை வெட்டு" என்றார்.

அப்படித்தான் போனது. முதல் கிழமை ஒரு நாளுக்கு மூன்று பக்கம், பிறகு பத்து, நல்ல நாளில் இருபது. இரண்டாம் பாகத்தை அவரே கேட்டார், குறை போதவில்லை என்று. தெரபிஸ்ட் பெண் திரும்பி வந்தாள், விஷயத்தை விளக்கினேன், டேப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். மூன்றாம் பாகம் முடியும்போது ஆனியும் முடிந்துவிட்டது. கொப்பியில் நாற்பது குறை.

இந்தக் கதையில் தபால்காரிக்கு ஒரு நாய் உண்டு. நான் இவ்வளவு நேரமும் சொல்லவில்லை. ஏனென்றால் சல்வோவும் சொல்லவில்லை. அது எப்போதும் அவளுக்கு முன்னால் ஓடும். ஓட்டம் இடது பக்கம் என்பதால் நாய் எப்போதும் பக்கத்தின் இடது விளிம்பில்தான் நிற்கும். மூன்று பாகத்திலும் அவரைப் பொறுத்தவரை நாய் இல்லை.

நாலாம் பாகம், ஒரு செவ்வாய்க்கிழமை.

"நாற்பத்தொண்டாவது குறை" என்றார். "நாய்க்கு முன்னங்கால் கட்டையாய்க் கீறியிருக்கிறான்."

நான் எழுதவில்லை.

"எழுதன்."

"எந்த நாய், சிஞ்ஞோர்?"

"உனக்கென்ன கண் தெரியாதோ?" என்றார்.

குசினியில் ஏதோ விழுந்தது. லோரெதானா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அன்று மாலையே றெஜினா வெறுங்காலோடு மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி, சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தியைத் தீர்த்தாள். லோரெதானா மெழுகுதிரி கொளுத்தினாள். டாக்டர் மருந்தைச் சொன்னார். ஜப்பானுக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை. எல்லாரிலும் குறைவாகச் சொன்னவர் சல்வோ. ஆடி முடியுமுன் அவர் குறை எழுபதைத் தாண்டிவிட்டார்.

தெரபிஸ்ட் பெண் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்: "புத்தகம் வேறை, தெரு வேறை. புத்தகத்திலை கதை கையைப் பிடிச்சு இழுக்குது. தெருவிலை ஆர் இழுக்கிறது?" அவள் சொன்னது சரி. ஆவணியில்கூட நான் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் அவர் அலுமாரிக்குத்தான் வணக்கம் சொன்னார். நாயைக் காண்கிறவர் என்னைக் காணவில்லை. நானும் மற்றப் பக்கம் சுற்றிப் போய் நிற்கப் பழகிவிட்டேன்.

செப்டெம்பர் வந்தது. கட்டிடச் சொந்தக்காரருக்குத் திங்கட்கிழமை மறுமொழி சொல்லவேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை என் கடைசி வேலை நாள். லோரெதானா தகப்பனைக் கால்சாவிலிருந்து நடக்கவிட்டு, பத்தடி பின்னால் வந்தாள். கடைக்கு வந்து சேர்ந்தபோது தகப்பனைவிட அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. "ரெண்டிடத்திலை நான் கத்தினனான்" என்று மெதுவாகச் சொன்னாள். ஒப்பந்தக் கடதாசி அவளுடைய கைப்பையில் இருந்தது. பேனாவை அவள் தேடவில்லை.

சல்வோ தன் நாற்காலியில் இருந்தார். கையில் அமெரிக்கக் கொமிக்ஸ் ஒன்று விரிந்திருந்தது. அதற்குள்ளே ஒளித்து வைத்தபடி தபால்காரி கதையின் பத்தாம் பாகம். வாடிக்கையாளர் கண்டால் மானம் போகும் அல்லவா? லோரெதானா வலது சுவரோடு, அமெரிக்காவில் சாய்ந்து நின்றாள்.

நான் மொட்டைக் கத்தியைக் கியாராவிடம் கொடுத்தேன். கை கழுவினேன். ஈரம் போகும்வரை தூக்கிக்கொண்டு நின்றேன், பழக்கம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு விடைபெற வந்தேன். வழமைபோல வலது பக்கம் போகத்தான் கால் எடுத்தேன். லோரெதானா என்னைப் பார்த்தாள். இந்தப் பக்கம் வராதே என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினாள்.

இடது பக்கம் போனேன். ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நடுவில், ஜப்பானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவர் நிமிரவில்லை. ஒரு பக்கம் திருப்பினார். வீரர்களிடம் படித்த இத்தாலியனில் நாலு வரி தயார்படுத்தி வைத்திருந்தேன், வாயில் வந்தது வேறு.

"சிஞ்ஞோர், நான் வெளிக்கிடப் போறன்" என்றேன். "இருபத்தேழு வருசம். ஏதாவது சொல்லுவியளோ?"

அவர் வலது பக்கம் திரும்பவில்லை. புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், எத்தனையோ மாதமாக மடியில் சும்மா கிடந்த இடது கையைத் தூக்கி, என் வயிற்றில் வைத்துத் தள்ளினார்.

"வெளிச்சத்தை மறைக்காதை."